முழங்காலில் நின்ற சூரியன்

அன்றைக்குச் சூரியன் தொடைக்கு வந்துவிட்டதா, அதற்கு முந்தின இடத்திலேயே நின்றதா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் யம்தராவில் குடியேறியது இந்தச் சங்கதி நடந்து ஆறேழு வருஷம் கழித்து. சவ்சன் ஒரு மாதிரி சொன்னாள். அவள் புருஷன் கதம்ஷோ இன்னொரு மாதிரி சொன்னான். அவனுடைய பெரியப்பா மகன் தோதிகுதோ சிரித்துக்கொண்டே மூன்றாவது மாதிரி சொன்னான். மூன்றையும் கேட்டுவிட்டு, பல நாள் யாரோடும் பேசாமல் அசைபோட்டதில் நாலாவதாக ஒன்று எனக்குள் சேர்ந்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் அது என் தப்பு.

யம்தரா இருக்கும் பர்தாங் பள்ளத்தாக்கில் அப்போது யார் வீட்டிலும் தேதித்தாள் கிடையாது. பனிக்காலம் முடிகிற சமயம் சூரியன் ஒரு மனிதனுக்குள் கால்நகம் வழியாக நுழையும். ஒவ்வோர் உறுப்பிலும் மூன்று நாள் தங்கி மேலே ஏறும். நகம், பாதம், கணுக்கால், கெண்டை, முழங்கால், தொடை, பெண்கள் பேர் சொல்லாத ஓர் இடம், தொப்புள், குடல், விலா. நெஞ்சுக்கு வந்த அன்று எருது பூட்டி பார்லி விதைப்பார்கள். நகத்தில் நுழைகிற நாளை மட்டும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றதெல்லாம் எண்ணிக்கைதான்.

யம்தராவுக்குத் தெற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. பனிக்காலம் முழுவதும் ஊர் அதன் நிழலில் கிடக்கும். ஒருநாள் உச்சிப்பொழுதில் ஒட்டகப்பல் என்ற பாறை முகட்டுக்கு மேலே சூரியன் எட்டிப் பார்க்கும். அந்த வெளிச்சம் கதம்ஷோ வீட்டுக்கு முன்னால் நட்டிருக்கும் கல்லின் குழியில் விழுந்தால், அன்று நகம். குழியைக் காவல் காப்பதும் நாளை எண்ணுவதும் அந்த வீட்டின் பொறுப்பு. கூடப்பிறந்த அண்ணன் செத்தபிறகு கதம்ஷோவுக்கு அது வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

முதல் வருஷமே சறுக்கிவிட்டான். நகத்துக்குரிய நாளில் வானம் மூடிக்கொண்டது. அடுத்து வெளுத்தபோது கல் முழுக்க வெயில் இருந்தது. எத்தனை நாள் கடந்ததென்று குத்துமதிப்பாக வைத்துக்கொண்டான். ஏர் மூன்று நாள் பிந்திவிட்டது என்று ஊர் பேசியது. பார்லி பால்பிடித்து நிற்கும்போதே பனி விழுந்து, கதிரெல்லாம் தாளோடு வெளுத்தது. அந்தக் குளிரில் யம்தரா காய்ந்த மல்பெரி மாவையும் மொச்சையையும் தின்று உயிர் வைத்திருந்தது. விதைக்கென்று எடுத்துவைத்த பார்லி ஒவ்வொரு வீட்டிலும் ஆட்டுத்தோல் பைகளில் உத்தரத்தில் தொங்கியது. கதம்ஷோ வீட்டில் இரண்டு பை. மகள் குல்ரோ அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே தூங்கிப்போவாள். யாரும் அதில் கை வைக்கவில்லை. அது கெட்டுப்போனால் மறுபடி விதைக்கப் பள்ளத்தாக்கில் எங்கும் கிடைக்காது.

அதனால் இந்த வருஷம் வானம் பளிச்சென்று இருந்து, நினைத்ததற்கு முன்னாலேயே வெளிச்சம் கல்குழியில் வந்து விழுந்தபோது கதம்ஷோ வீடுவீடாக ஓடினான். பசித்திருந்த ஊருக்கு வசந்தம் சீக்கிரம் வருகிறது என்ற சேதி எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சவ்சனும் அன்று கேட்கவில்லை. அதுதான் ஆச்சரியம். அவளுக்கு ஊரில் கேள்விக்காரி என்றே பேர்.

சூரியன் அந்தப் பேர் சொல்லாத இடத்தில் இருப்பதாகக் கதம்ஷோ சொன்ன முதல் நாள், பெண்கள் படிவயல்களில் பனிமேல் மண் தூவிக்கொண்டிருந்தார்கள். தொழுவத்து மூலையில் காயவைத்த கருமண்ணை முதுகுக்கூடையில் சுமந்து வந்து கைப்பிடி கைப்பிடியாக வீசவேண்டும். கறுப்பு வெயிலை இழுத்துப் பனியைச் சீக்கிரம் உருக்கிவிடும். சவ்சனின் கூடைக்குப் பக்கத்தில் தோதிகுதோவின் மனைவி குலந்தோம் வீசிக்கொண்டு வந்தாள். கனத்த உடம்பு, கனத்த குரல்.

"இன்னிக்கு எங்க இருக்குக்கா சூரியன்?" என்றாள் சவ்சன்.

"என்னையா கேக்குறே? உன் வீட்டுக்காரர்தானே சொல்லணும். காலைலேருந்து ஆம்பளைங்க பல்லைக் காட்டிட்டுத் திரியறானுங்க. எங்க இருக்குன்னு அதுலயே தெரியலையா?"

"அது தெரியுது. அங்க இருக்கறப்ப பனி இவ்வளவு கிடக்குமா?" சவ்சன் கையைப் பனியில் குத்திப் பார்த்தாள். முழங்கை வரை இறங்கியது. "போன வருஷம் இந்த நாள்ல நாம மண்ணா வீசினோம்? எரு சுமந்துட்டு இருந்தோம். எனக்குத் தோள்ல புண்ணு வந்துச்சே."

"இந்த வருஷம் பனி அதிகம்."

"அதிகமில்லக்கா. குறைச்சல்னு நீங்கதான் சொன்னீங்க. கூரைத் திறப்புல மூடின பனியை ரெண்டு தடவைதான் தள்ளினோம்னு."

"சொல்லியிருப்பேன். வாய் இருக்குல்ல."

"வாலாட்டிக் குருவியும் வரலையே."

குலந்தோம் கூடையை இறக்கிவைத்து இடுப்பில் கை கொடுத்து நின்றாள். "குருவி என்ன நம்ம வீட்டு மருமகளா, சொன்ன நாள்ல வந்து நிக்க? சும்மா வீசுடி. நீ கேக்குற கேள்விக்கு மண்ணு தீந்துபோகும், பனி தீராது."

சவ்சன் வீசினாள். ஆனாலும் கண் ஆற்றுப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. சூரியன் தொடைக்கு வந்ததும் ஆற்றின் உறைபனி வாய் பிளந்துவிடும். பனிப்பாதையில் கீழ் ஊர்களுக்கு நடப்பதை அதோடு நிறுத்திவிடுவார்கள். இந்த வருஷமும் தொடை என்று கதம்ஷோ சொன்னதும் நடப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஆறு வெள்ளைக் கம்பளம் விரித்த மாதிரி சத்தமில்லாமல் கிடந்தது.

பொழுது சாயும் முன் அடுப்புக்கு மாசிப்பத்திரிச் செடி பிடுங்கிவர எதிர்ச்சரிவில் ஏறினாள். பிடுங்கிப் பிடுங்கி ஊர்க்காரர்கள் பக்கத்துச் செடிகளையெல்லாம் தீர்த்திருந்ததால், வழக்கமாகப் போகாத உயரத்துக்குப் போக வேண்டியிருந்தது. கட்டு கட்டி, அதன்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நேரெதிரே ஒட்டகப்பல்.

கொஞ்ச நேரம் எதையும் நினைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏதோ ஒன்று சரியில்லை என்று பட்டது. என்ன என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தினம் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற முகடு. கீழேயிருந்து பார்த்தால் அதன் கறுத்த முகம்தான் தெரியும். இங்கிருந்து பார்த்தபோது உச்சியில், உடைத்த ரொட்டியின் உள்பக்கம் மாதிரி, வெளிறிய ஒரு வெட்டு தெரிந்தது. அதற்குக் கீழே பனிச்சரிவில் புதுக் கற்கள் சிதறிக் கிடந்தன. பனிக்காலத்தின் நடுவில் ஒரு காலை பூமி குலுங்கியது ஞாபகம் வந்தது. பிசைந்துகொண்டிருந்த மாவில் கூரைக்கரி கொட்டியது. மாவை எறிய மனமில்லாமல் கறுப்பு ரொட்டி சுட்டுத் தின்றார்கள். மலைமேல் ஏதோ உருளும் சத்தமும் கேட்டது. மலையில் எப்போதும் ஏதாவது உருளும்.

செடிக்கட்டை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினாள் என்று கதம்ஷோ சொல்வான். இல்லை, சுமந்துகொண்டுதான் இறங்கினேன், அடுப்புக்கு வேறு என்ன இருந்தது என்பாள் சவ்சன்.

மறுநாள் காலை, உப்பும் வெண்ணெயும் போட வேண்டிய பால் தேநீரில் வெண்ணெய் இல்லாமல் உப்பு மட்டும் போட்டு, மரக்கிண்ணத்தில் அவனுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

"குல்ரோ அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"வேண்டாம்னா விடவா போறே."

"ஒரு ஆள் சுவருக்குப் பின்னாடி நின்னு நம்மள எட்டிப் பாக்கறான். ஒருநாள் அவன் தலை வழக்கத்துக்கு முன்னாடியே தெரியுது. அவன் வளந்துட்டான்னு சொல்லுவீங்களா, சுவர் இடிஞ்சுடுச்சுன்னு சொல்லுவீங்களா?"

"எந்த ஆளு?"

"சூரியன்."

கதம்ஷோ கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவள் வெட்டுப்பாறையைப் பற்றிச் சொன்னாள். கூரைத் திறப்பு வழியாக விழுந்த வெளிச்சம் அடுப்படியில் இருந்து தூண் வரைக்கும் நகரும்வரை அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அப்புறம் எழுந்து காலுறையைக் கட்டிக்கொண்டு வெளியே போனான்.

எதிர்ச்சரிவில் ஒரு கறுப்புப் புள்ளியாக அவன் உட்கார்ந்திருப்பது மத்தியானம்வரை கீழே தெரிந்தது. குலந்தோம் வந்து, "உன் வீட்டுக்காரர் அங்க என்ன பண்றாரு? செடி முளைக்குதான்னு காவலா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கேள்வி கேட்கிறவளுக்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

இறங்கி வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"உடஞ்சுதான் இருக்கு. ரெண்டு ஆள் உசரம் இல்ல, இருவது ஆள் உசரம் போயிருக்கு."

"அப்ப சூரியன் நம்ம கணக்குல இருக்கற எடத்துல இல்ல."

"இல்ல."

"எங்க இருக்கு?"

"தெரியல." அந்த வார்த்தையைச் சொல்ல அவனுக்கு வாய் கோணியது. "கீழ எங்கயோ இருக்கு. எத்தனை நாள் முன்னாடி ஓடிட்டேன்னு தெரியல. இன்னும் பத்துப் பதினோரு நாள்ல நெஞ்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். எல்லாரும் விதையை எறக்கி வெச்சுட்டாங்க. முளைவிட்ட அப்பறம் ஒரு உறைபனி விழுந்தா..." முடிக்காமல் விட்டான். உத்தரத்தை இருவரும் பார்க்காமல் இருந்தார்கள்.

"ஊர்ல சொல்லிடுங்க."

"என்னன்னு சொல்றது? போன வருஷம் பிந்திட்டேன், இந்த வருஷம் முந்திட்டேன், சரியான நாள் எதுன்னு கேக்காதீங்கன்னா? தோதிகுதோ அண்ணன் என்னைத் தொழுவத்துல கட்டிடுவாரு."

சவ்சன் அடுப்பைக் கிளறிக்கொண்டே யோசித்தாள். அவளுடைய பிறந்த ஊர் நிஷூத். ஒரு பகல் நடை கீழே. அங்கே பள்ளத்தாக்கு அகலம், வெயில் சீக்கிரம் வரும். சூரியன் மனிதனுக்குள் நுழைவதும் முன்னாலேயே. அவர்கள் கணக்கு வேறு, கல் வேறு.

"எங்க ஊர்ல ஏர் பூட்டுன அன்னிக்குத்தானே என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள். "காலைல எருதுக்கு ரொட்டி ஊட்டினாங்க. எனக்குத் தலைல துணி போட்டாங்க. ரெண்டும் ஒரே முற்றத்துல நடந்துச்சு. எங்க அப்பா எதுக்கு அழறதுன்னு தெரியாம எருதைக் கட்டிக்கிட்டு அழுதாரு."

"ஆமா."

"அன்னிக்கு நிஷூத்துல சூரியன் நெஞ்சு. முத நாள். நாம சாயங்காலம் இங்க வந்து சேந்தப்ப இங்க எங்க இருந்துச்சு?"

கதம்ஷோவின் முகத்தில் மெதுவாக ஏதோ விளங்கியது. நிஷூத்தின் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே நெஞ்சு என்றைக்கு என்று தெரிந்தால் போதும். இங்கே எந்த உறுப்பு என்பது அவர்கள் கல்யாணத்திலேயே இருக்கிறது.

"தொடை," என்றான்.

"முழங்கால்," என்றாள் அவள்.

விடிந்ததும் பனிப்பாதையில் கிளம்பினார்கள். குல்ரோவைக் குலந்தோம் வீட்டில் விட்டார்கள். ஆற்றின் ஓரத்தில் கழியால் தட்டித் தட்டிக் கதம்ஷோ முன்னால் போனான். கெட்டியான சத்தம். அடியில் எங்கோ ஆழத்தில் தண்ணீர் முனகியது. இரண்டு பக்கமும் பாறைச்சுவர், நடுவே ஒரு நாடா மாதிரி வானம். காலுக்கு வைக்கோல் சுற்றியிருந்தும் குளிர் எலும்பில் ஏறியது. வெகுதூரம் பேசாமல் போனார்கள். அவர்களுடைய வழக்கமே அதுதான். ஒரு விஷயத்தைத் தொட்டுவிட்டு அதை அப்படியே ஒரு மைல் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

"தொடைதான்," என்றான் அவன் திரும்பாமலே. "நல்லா ஞாபகமிருக்கு. வாசல்ல நின்னு தோதிகுதோ அண்ணன் கத்தினாரு, மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கின்னு. ஊரே சிரிச்சுது. தொடைக்கு மேல என்ன இருக்கு?"

"அவர் எப்பவும் அதைத்தான் சொல்லுவாரு."

"அன்னிக்கு சொன்னாரு."

ஓர் இடத்தில் உறைபனியின் மேல் நரியின் தடம் குறுக்கே போயிருந்தது. அதைத் தாண்டிய பிறகு சவ்சன் சொன்னாள்:

"நான் கழுதைலேருந்து எறங்கினேன். உங்க அம்மா என் வலது தோள்ல மாவு தூவினாங்க. யாரோ இங்க இன்னிக்குச் சூரியன் முழங்கால்ல இருக்குன்னு சொன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. காலைல எங்க ஊர்ல நெஞ்சுல இருந்துச்சு, ஒரு பகல்ல இவ்வளவு கீழ எறங்கிடுச்சான்னு பயந்துட்டேன். வாய்விட்டுக் கேட்டுட்டேன். நெஞ்சுலேருந்து முழங்காலுக்கா எறங்கிடுச்சுன்னு. அன்னிக்குத்தான் எனக்குக் கேள்விக்காரின்னு பேர் வெச்சாங்க."

"கேட்டே. எனக்கும் ஞாபகமிருக்கு. நெஞ்சுலேருந்து தொடைக்கான்னு கேட்டே."

சவ்சன் நின்றுவிட்டாள். அவன் நாலு எட்டு போய்விட்டுத் திரும்பினான்.

"ஏங்க, கல்யாணப் பொண்ணா வந்து எறங்கின அன்னிக்கு, மாமனார் நிக்கறாரு, தொழுகை நடத்துற கலீஃபா நிக்கறாரு, அத்தனை ஆம்பளைங்க முன்னாடி நான் தொடைன்னு வாயைத் தொறந்திருப்பேனா?"

கதம்ஷோ அவளை மேலும் கீழும் பார்த்தான். கம்பளித் துணிக்குள் சிவந்த மூக்கு மட்டும் தெரிந்தது.

"நீ சொல்லக்கூடியவதான்."

"இப்ப சொல்லுவேன். அப்ப எனக்கு இருவது வயசு."

அவன் சிரித்தான். குளிரில் வந்த சிரிப்பு புகையாக வெளியே போனது. ஆனாலும் அது போதாது என்று இருவருக்கும் தெரிந்தது. முழங்கால் என்றால் கணக்கு தொடையைவிட மூன்று நாள் கூடுதலாக முன்னால் ஓடியிருக்கும். இந்த மூன்று நாளில்தான் போன வருஷத்துப் பயிர் போனது.

நிஷூத்தில் சவ்சனின் அண்ணன் மஹ்ராம் முற்றத்தில் நுகத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். இவர்களைக் கண்டதும் நுகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். பனிப்பாதையில் இன்னும் ஆள் வருவார்கள் என்று அவன் நினைக்கவில்லை.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லண்ணே. இங்க சூரியன் எங்க இருக்கு?"

"அதைக் கேக்கவா இத்தனை தூரம் வந்தீங்க? உங்க ஊர்ல சூரியன் கிடையாதா?" பிறகு கதம்ஷோவின் முகத்தைப் பார்த்துக் கேலியை நிறுத்திக்கொண்டான். "இன்னிக்கு விலா முடியுது. நாளைக்கு நெஞ்சு. ஏர் பூட்டறோம். ஆட்டுத்தலைக் கஞ்சி அடுப்புல இருக்கு, இருந்து சாப்பிட்டுப் போங்க."

மறுநாள் காலை, நிஷூத்தில் எருதுகளின் கொம்பில் வெண்ணெய் தடவும்போது இவர்கள் புறப்பட்டார்கள். மஹ்ராம் ஒரு மண்சட்டியில் கஞ்சி கட்டிக் கொடுத்தான். கல்யாணத்தன்று யம்தராவில் சூரியன் எங்கே என்று அவனிடமும் கேட்டார்கள். "அன்னிக்கு உங்க ஊர்ல நான் பாத்தது சாப்பாட்டைத்தான்," என்றான். அதே பகல், அதே பாதை, பன்னிரண்டு வருஷம் கழித்து. அவர்கள் யம்தராவில் கால் வைக்கும் அந்தச் சாயங்காலம் சூரியன் எங்கே இருக்கிறதோ, அதுதான் கல்யாணத்தன்றும் இருந்த இடம்; கதம்ஷோவின் கணக்கில் அன்று தொப்புள், ஆகவே முழங்கால் என்றால் கணக்கு ஒன்பது நாள் முன்னால் ஓடியிருக்கிறது, தொடை என்றால் ஆறு நாள். இதைச் சவ்சன் வழியில் சொன்னபோது கதம்ஷோ கழியை ஊன்றி நின்று கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான். வானம் வெறும் வானமாக இருந்தது.

நேராகத் தோதிகுதோ வீட்டுக்குப் போனார்கள். அவன் தொழுவத்தில் எருதுகளுக்கு வைக்கோல் வைத்துக்கொண்டிருந்தான். ஊரின் மூன்று ஜோடி எருதுகளில் கொழுத்த ஜோடி அவனுடையது.

"அண்ணே, எங்க கல்யாணத்துல நீங்க ஒரு கேலி பண்ணினீங்க. இன்னும் ஒரு படிதான் பாக்கின்னு. அன்னிக்குச் சூரியன் எங்க இருந்துச்சு?"

தோதிகுதோ வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு இருவரையும் பார்த்தான். "இதைக் கேக்கவாடா ஜோடியா வந்தீங்க? நான் எல்லாக் கல்யாணத்துலயும் அதைத்தாண்டா சொல்லுவேன். நகத்துல இருந்தாலும் சொல்லுவேன், மண்டைல இருந்தாலும் சொல்லுவேன். கேலிக்குக் கணக்கு எதுக்கு?"

சவ்சன் கதம்ஷோவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது ஜெயித்துக் காட்டின மாதிரி ஆகியிருக்கும் என்று என்னிடம் சொன்னாள்.

மறுநாள் முற்பகலில் கல்லுக்குப் பக்கத்தில் ஊர் கூடியது. பதினேழு வீட்டு ஆண்கள், சுவர் ஓரமாகப் பெண்கள். கதம்ஷோ ஒட்டகப்பல்லைக் காட்டிச் சொன்னான். இரண்டு பேர் ஏறிப் பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்றார்கள். அதுவரை சரிதான். மலை உடைந்ததற்கு யாரைக் குற்றம் சொல்ல முடியும்.

"அப்ப எப்பத்தான் விதைக்கிறது?" என்றார் கலீஃபா. அமைதியான மனிதர், ஊருக்குத் தொழுகை சொல்லிக் கொடுப்பவர். பசியில் அவர் கன்னமும் ஒட்டியிருந்தது.

கதம்ஷோ நிஷூத்தைப் பற்றிச் சொன்னான். கல்யாண நாளைப் பற்றிச் சொன்னான். "நேத்து நிஷூத்துல ஏர். அப்படின்னா நேத்து இங்க..." என்று நிறுத்தினான். எல்லோரும் காத்திருந்தார்கள். தொடை என்று சொன்னால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். போன வருஷம் பிந்திப் பட்டவன் இந்த வருஷம் முந்துகிற பக்கம் சாய்வது நியாயம். அவனுடைய சொந்த ஞாபகமும் அதுதான்.

"நேத்து முழங்கால். முத நாள்," என்றான் கதம்ஷோ.

"யாரு சொன்னா?" என்றான் தோதிகுதோ.

"குல்ரோ அம்மா சொன்னா."

சுவர் ஓரத்தில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

"உனக்கு என்ன ஞாபகம்?" என்றார் கலீஃபா.

"எனக்குத் தொடைன்னுதான் ஞாபகம். ஆனா எனக்கு அண்ணனோட கேலிதான் ஞாபகமிருக்கு. அவளுக்குச் சூரியன் ஞாபகமிருக்கு. அன்னிக்கு அதைப் பத்திக் கேட்ட ஒரே ஆள் அவதான்."

தோதிகுதோ எழுந்து கம்பளியை உதறினான். "போன வருஷம் மூணு நாள் பிந்தினோம், குளிர் பூரா மொச்சை தின்னோம். இந்த வருஷம் ஒன்பது நாள் பிந்தலாம்ங்கறே. தம்பி, உன் கணக்கு கால் ஊனமான கழுதை மாதிரி, ஒரு தடவை இந்தப் பக்கம் சாயுது, ஒரு தடவை அந்தப் பக்கம். கல்லுல வெயில் விழுந்ததை நான் என் கண்ணால பாத்தேன். நான் நீ முதல்ல சொன்ன நாள்லயே பூட்டுவேன்."

"பூட்டுங்கண்ணே. உங்க விதை."

"என் விதைதான்."

மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். யார் எந்தப் பக்கம் என்று அன்று யாருக்கும் தெரியவில்லை. எட்டு நாள் கழித்துத் தோதிகுதோ எருது பூட்டியபோதுதான் தெரிந்தது. அவன் ஒருவன் மட்டும் வயலில் இருந்தான். மற்ற இரண்டு ஜோடியும் தொழுவத்தில் நின்றன. குலந்தோம் புருஷனுக்குப் பின்னால் விதை வீசிக்கொண்டே, சுவருக்கு இந்தப்பக்கம் மண் தூவிக்கொண்டிருந்த சவ்சனைப் பார்த்துக் கத்தினாள்:

"கேள்விக்காரி, நான் வீசறதும் மண்ணுதானா, விதையான்னு கேளேன்."

"கேக்கலக்கா. வாய் வலிக்குது."

சவ்சன் சொன்ன நெஞ்சுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தோதிகுதோவின் வயல் முளைவிட்டது. கீழ்ப் படிகளில் ஊசி ஊசியாகப் பச்சை. வெயில் நன்றாக அடித்தது. ஆற்றின் உறைபனி அதற்குச் சில நாள் முன்பே பெரிய சத்தத்தோடு பிளந்து, இரண்டு நாள் ஓடித் தீர்ந்திருந்தது. வாலாட்டிக் குருவி வந்து கல்லின்மேல் உட்கார்ந்தது. கதம்ஷோ கேள்வி எதுவும் கேட்கவில்லை. இன்றைக்குத் தொப்புள், இன்றைக்குக் குடல் என்று காலையில் வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சொன்னான். குரல் மட்டும் தாழ்ந்திருந்தது. தோதிகுதோவின் பச்சையை அவள் பார்ப்பதை அவன் பார்த்தான், அவன் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

விலாவின் கடைசிக் காலை வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. சவ்சன் கதவைத் திறந்தபோது வாசல் தொட்டித் தண்ணீரின்மேல் விரல் தடிமனுக்கு உறைந்திருந்தது. கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் வெள்ளை முள் முளைத்திருந்தது. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தோதிகுதோவின் வயல் வரப்புக்குப் போனாள். குலந்தோம் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள். மேல் மூன்று படிகளில் முளைகள் கண்ணாடித் துண்டு மாதிரி நின்றன. வெயில் பட்டதும் ஒவ்வொன்றாகக் கறுத்துத் தலை தொங்கின. கீழ்ப் படிகள் பாறைச்சுவரின் கதகதப்பில் தப்பித்தன.

குலந்தோம் குனிந்து ஒரு முளையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"மூணு படி விதை," என்றாள் குலந்தோம். "நாலு மாசம் பிள்ளைங்களுக்குக் குடுக்காம வெச்சிருந்தேன்."

சவ்சன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தான் நினைத்தது சரியாகப் போனது என்று ஒரு துளி சந்தோஷம் உள்ளே எங்கோ எட்டிப் பார்த்ததையும், அதற்காக அந்தக் கணமே கூசிப்போனதையும் அவள் பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொன்னதில்லையாம்.

மறுநாள் நெஞ்சு. ஊர் எருது பூட்டியது. கொம்புகளில் தடவ வெண்ணெய் இல்லாததால் ஆப்ரிகாட் கொட்டை எண்ணெய் தடவினார்கள். கலீஃபா விதைப்பையைத் தொட்டு ஓதினார். கதம்ஷோ முதல் கைப்பிடியை வீசினான்.

அந்த வருஷம் யம்தராவில் பார்லி விளைந்தது. ஆனால் எல்லாம் விளையவில்லை. உச்சிப் படிகள் இரண்டில் கதிர் பச்சையாக இருக்கும்போதே பனி விழுந்து, அதை அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். தொடைதான் சரி, மூன்று நாள் முன்னால் விதைத்திருந்தால் அந்த இரண்டு படியும் தேறியிருக்கும் என்று கதம்ஷோ கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று நாள் முன்னால் முளைவிட்டிருந்தால் எல்லாம் கறுத்திருக்கும் என்பாள் சவ்சன். ஊரில் இதற்கு இரண்டு கட்சி இருந்தது. நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிற கட்சி.

தோதிகுதோவின் மூன்று படிக்கும் மஹ்ராம் நிஷூத்திலிருந்து மொச்சை விதை கொடுத்தான். தோதிகுதோ அதைத் தானே போய்ச் சுமந்து வந்தான். அவன் பிறகு இருபது வருஷம் இருந்தான். எல்லாக் கல்யாணத்திலும் அந்தக் கேலியைச் சொன்னான். குலந்தோம் அவனுக்கு முன்னால், ஒரு பனிக்காலத்தில் இருமலில் போனாள். கலீஃபா கீழ்ப் பள்ளத்தாக்குக்கு மகனோடு குடிபோனார். குல்ரோவை நிஷூத்தில் மஹ்ராமின் மகனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவளுக்கு ஐந்து பிள்ளைகள். மறு வருஷத்திலிருந்து கதம்ஷோ, வெளிச்சம் குழியில் விழுந்து ஒன்பது நாள் கழித்தே நகம் என்று எண்ணினான். பதினான்கு வருஷம் அப்படி எண்ணிவிட்டு, சூரியன் தோளில் இருந்தபோது இறந்துபோனான். அதற்குப்பிறகு எண்ணிக்கையைச் சவ்சன் வைத்துக்கொண்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடம் வந்து, அச்சடித்த தேதித்தாள் அவள் சுவரில் தொங்கிய பிறகும் ஆண்கள் விதைப்புக்கு முன்னால் வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். கடைசி மூன்று வருஷம் அவளுக்குக் கண் தெரியவில்லை. கல்லின் குழியில் உள்ளங்கையை வைத்து, சூடு பட்டதா என்று பார்த்துச் சொன்னாள். அவளை ஊருக்கு மேலே, தோதிகுதோவின் மூன்று படிகளுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.